வணிக டிப்ளமாவின் முதற் பாடங்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்வி பற்றிப் பேசும் பொறுப்பை இவ்வாண்டு சங்கத்தார் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாய்ச் சேர்ந்தவர்கள். பட்டதாரிகள் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில் கல்லூரிப் பாடத்தைப் பற்றிப் பேசுவது துணிவுதான். ஆயினும் எடுத்துக்கொண்ட பொருள் குமாஸ்தாவின் மேசைக்கு மிக அருகிலுள்ளது. ஆகவே பொறுத்தருள்வீர்கள் என நம்புகிறோம்.

பத்தாம் வகுப்புத் தேறியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வணிக டிப்ளமாப் படிப்பு பல மாநிலப் பாலிடெக்னிக்குகளில் உண்டு. நம் குடியிருப்புப் பிள்ளைகளும் அதில் சேர்கிறார்கள். சேர்ந்தவர்களுள் சிலர் முதல் அரையாண்டிலேயே மனம் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். "கணக்குப் பதிவு விளங்கவில்லை" என்று பிள்ளை சொல்கிறான். "இவனுக்கு ஏறாது" என்று தகப்பனார் முடிவு கட்டுகிறார். ஒரு குடும்பத்தின் எதிர்காலம் இவ்விரு வாக்கியங்களில் முடிந்துபோகிறது. அது முடிய வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

இப் படிப்பு நம்மவர்க்குப் புதிதன்று. 1886-ஆம் ஆண்டிலேயே சென்னையில் பச்சையப்பர் அறக்கட்டளையார் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி 1913-இல் தோன்றியது. 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1987-இல் முதன்முதலாகத் தொடங்கிய இரண்டு படிப்புகளுள் ஒன்று நிர்வாக டிப்ளமாவே. எங்குப் படித்தாலும் தொடக்கப் பாடங்கள் ஏறத்தாழ ஒன்றே: கணக்குப் பதிவியல், வணிகக் கணிதம், நிர்வாகத் தத்துவம், பொருளியல், வணிகக் கடிதம். இவற்றுள் முதல் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

கணக்குப் பதிவியலின் வாயிற்படி இரட்டைப் பதிவு முறை. வெனிஸ் நகரத்து வணிகர்கள் கையாண்ட அம் முறையை 1494-இல் லூக்கா பச்சோலி என்னும் துறவி அச்சு நூலில் விளக்கினார். இங்கேதான் நம் பிள்ளைகள் இடறுகிறார்கள். 'டெபிட்', 'கிரெடிட்' என்னும் சொற்களைப் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்கிறார்கள். நம் தாய்மார்களைக் கேட்டால் அவற்றின் பொருளை ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். மளிகைக்கடைக்காரர் அரிசி கொடுத்தவுடன் தம் நோட்டில் நம் பெயரில் பற்று எழுதுகிறார், நாம் பெற்றுக்கொண்டோம். சம்பளத்தன்று பணம் கொடுத்தால் வரவு வைக்கிறார், நாம் கொடுத்தோம். பெற்றவர் பெயரில் பற்று, கொடுத்தவர் பெயரில் வரவு. ஆட்கணக்கின் விதி முழுவதும் இவ்வளவே.

இது தெளிந்தால் அடுத்த குழப்பமும் தீரும். வங்கியில் நாம் பணம் கட்டினால் பாஸ் புத்தகத்தில் வரவு என்றிருக்கிறது. பாட நூலோ வங்கிக் கணக்கைப் பற்று வை என்கிறது. மாணவன் மயங்குகிறான். பாஸ் புத்தகம் வங்கி நம்மைப் பற்றி எழுதும் ஏடு. அதில் கொடுத்தவர் நாம், ஆகவே வரவு. நம் பேரேட்டில் பெற்றுக்கொண்டது வங்கி, ஆகவே அதன் பெயரில் பற்று. ஒரே செய்தியை இருவர் தத்தம் திண்ணையிலிருந்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்பொழுது கணிப்பொறி இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. இயந்திரம் பிழையின்றிக் கூட்டும். ஆனால் கடையின் தராசைப் பழுது பார்த்த செலவைப் புதுத் தராசு வாங்கியதாக எழுதினாலும் அது மறுக்காது. இருப்பாய்வின் இரு பக்கமும் சரியாகவே நிற்கும். இலாபம் மட்டும் பொய்யாகக் கூடித் தோன்றும். அதைக் கண்டுபிடிக்கும் கண் முதற் பாடத்தில்தான் திறக்கிறது.

இனி வணிகக் கணிதம். ஒருவர் ரூ.10,000 கடன் தருகிறார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து. அசலும் வட்டியும் சேர்ந்த ரூ.11,000-ஐப் பன்னிரண்டு சம தவணைகளில் கட்டவேண்டும். மாதம் ரூ.917 என்றதும் மலிவு என மகிழ்கிறோம். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு அசலுக்கும் வாங்கப்படுகிறது. குறையும் அசலுக்கு ஏற்பக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்குச் சுமார் நூற்றுக்குப் பதினெட்டு. சம்பள நாளன்று வாயிலில் கடன்காரரைக் காணும் வீடுகள் நம் குடியிருப்பிலும் உள்ளன. அவ்வீட்டுப் பிள்ளை இவ்வொரு கணக்கைக் கற்று வந்து தகப்பனாருக்குப் போட்டுக் காட்டினால், கல்லூரிக்குக் கட்டிய பணம் அன்றே திரும்பிவிட்டது எனலாம்.

மற்றொன்று, இலாபமும் நட்டமும் இல்லாத நிலை. உங்கள் கையில் இருப்பது போன்ற ஒரு மலரையே எடுத்துக்கொள்வோம். எத்தனை படி அச்சிட்டாலும் மாறாத செலவு ரூ.12,000, படி ஒன்றுக்குத் தாளும் கட்டும் ரூ.40, விலை ரூ.100 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் ரூ.60 மிச்சம் தருகிறது. 200 படிகள் விற்ற பிறகே முதலுக்கு மோசமில்லை. 201-ஆவது படியிலிருந்துதான் சங்கத்திற்கு வருவாய். மலரை இரவல் வாங்கிப் படிக்கும் அன்பர்கள் இக் கணக்கைச் சற்றே மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்!

மூன்றாவது நிர்வாகத் தத்துவம். வெறும் விளக்கவுரை என்று மாணவர்கள் ஒதுக்கும் பாடம் இதுவே. இதன் வேர்களுள் ஒன்று நம் ரயில்வேத் தொழிலில் இருக்கிறது. 1850-களில் அமெரிக்காவின் நியூயார்க்-ஈரி ரயில்வேயை நடத்திய டேனியல் மக்கல்லம், ஐம்பது மைல் பாதையை ஒருவர் நேரில் பார்த்துக்கொள்ளலாம், ஐந்நூறு மைல் பாதைக்கு ஒழுங்கு முறை வேண்டும் என்று உணர்ந்தார். யார் யாருக்குப் பொறுப்பு என்பதை 1855-இல் ஒரு மரத்தைப்போல் வரையச் செய்தார். வேரில் இயக்குநர் குழு, கிளைகளில் ஊழியர்கள். பின்னர் 1916-இல் பிரெஞ்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ஆன்றி ஃபயோல் பதினான்கு நிர்வாக நெறிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று, ஓர் ஊழியருக்கு ஒரே மேலதிகாரி கட்டளையிட வேண்டும் என்பது. ஒரே வேளையில் இரண்டு மேலதிகாரிகள் மணியடித்து அழைக்க, நடுவில் நின்று தவித்த எந்தக் குமாஸ்தாவுக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

ஆகவே அன்பர்களே, தொடக்கப் பாடங்கள் வானத்திலிருந்து வந்தவை அல்ல. அவற்றின் பொருள் நம் சமையலறையிலும், சம்பளச் சீட்டிலும், சரக்கு அலுவலகத்திலும் இருக்கிறது. பிறமொழிப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைக்கும் அந்தப் பொருளுக்கும் இடையே ஒரு மெல்லிய திரை தொங்குகிறது. வீட்டுத் தமிழில் ஒருமுறை சொன்னால் அத் திரை விலகும். பிறகு தேர்வை எம்மொழியிலும் எழுதலாம்.

எனவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் நூலக அறையைத் திறந்து வையுங்கள். கணக்கு அலுவலகத்தில் முப்பது ஆண்டு பேரேடு புரட்டி ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முதல் அரையாண்டுப் பாடங்களை மட்டும் தமிழில் சொல்லிக் கொடுக்கட்டும். கரும்பலகையும் சாக்குக் கட்டியும் போதும். பெண்பிள்ளைகளையும், படிப்பை விட்டு வீட்டிலிருக்கும் மருமக்களையும் அனுப்பி வையுங்கள். பெற்றோர்கள் ஓராண்டுக்கு "இவனுக்கு ஏறாது" என்னும் சொல்லை மட்டும் வாயில் வராமல் காக்கவேண்டும்.

நாம் பத்தாம் வகுப்போடு நின்றோம்; அன்று குடும்ப நிலை அவ்வளவே. நம் பிள்ளைகள் முதற் படியிலேயே திரும்பிவிடாமல் கைப்பிடித்து ஏற்றிவிடும் வல்லமை இன்று இந்த அவைக்கு உண்டு. அதைச் செய்வோமாக.