புளிப்புப் பழமும் முட்டையும்

லயத்து வீட்டின் பின்புறம், தண்ணீர் வடிந்து போகும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு லிமாவ் கஸ்தூரிச் செடியாவது நிற்காத தோட்டத்தை நாங்கள் பார்த்தது குறைவு. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்களும் ஒரு தொட்டியில் அதை வைத்திருக்கிறார்கள். காய்க்கத் தொடங்கினால் ஒரேயடியாகக் காய்க்கும். மீ கோரெங்கில் பிழிய நான்கு, மீன் கழுவ ஐந்தாறு, இருமலுக்கு இரண்டு என்று எடுத்தது போக, மீதி மரத்தடியில் விழுந்து அழுகும். அந்த மீதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

எலுமிச்சைச் சாறு, சீனி, முட்டை, வெண்ணெய் ஆகிய நான்கையும் சேர்த்துக் காய்ச்சி, ரொட்டியில் தடவிக்கொள்ளும் ஒரு பண்டத்தை ஆங்கிலேயர்கள் லெமன் கர்ட் என்பார்கள். கர்ட் என்றதும் தயிர் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் பால் உறைவதில்லை, முட்டைதான் உறைகிறது. பெயர் புதிதாக இருந்தாலும் இதன் உடன்பிறப்பை நாம் நன்றாக அறிவோம். காப்பிக் கடையில் சுட்ட ரொட்டியில் தடவித் தருகிறார்களே காயா, அது தேங்காய்ப் பாலும் முட்டையும் சீனியும் பாண்டான் இலையும் சேர்ந்ததுதானே? தேங்காய்ப் பாலுக்குப் பதில் புளிப்புச் சாறும் வெண்ணெயும் வந்தால் இந்தப் பண்டம் ஆகிவிடும். காயா கிண்டத் தெரிந்த தாய்மார்களுக்குப் பாதி வேலை தெரிந்ததே.

ஒரு பெரிய ஜாம் போத்தல் நிறையச் செய்ய, 25 முதல் 30 கஸ்தூரிப் பழங்களைக் குறுக்கே வெட்டி, வடிகட்டியில் பிழிந்து அரைக் கப் சாறு எடுத்துக்கொள்ளுங்கள். விதையை நசுக்கினால் கசக்கும். முட்டை மூன்று, சீனி முக்கால் கப், வெண்ணெய் ஏறக்குறைய 80 கிராம். மார்ஜரினும் போடலாம், ஆனால் சில மார்ஜரினில் உப்பு தூக்கலாக இருக்கும், முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். வெண்ணெய் விலை அதிகம் என்பது உண்மைதான். பழமும் முட்டையும் நம் கொல்லையிலேயே கிடைத்தால்தான் இது மலிவு. எல்லாவற்றையும் கடையில் வாங்கிச் செய்தால் ஒரு வெள்ளிகூட மிச்சமாகாது.

முட்டையையும் சீனியையும் நன்றாக அடித்து, சாற்றைக் கலந்து, ஒருமுறை வடிகட்டுங்கள். ஒரு சட்டியில் கொஞ்சம் தண்ணீர் கொதிக்கட்டும். அதன் மேல், தண்ணீரில் அடி படாதபடி ஒரு கிண்ணத்தை உட்கார வைத்து, கலவையை ஊற்றி, வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, மெல்லிய தீயில் விடாமல் கிண்டுங்கள். 10, 15 நிமிடத்தில் கெட்டிப்படும். கரண்டியை எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால், கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். ஆறிய பிறகு இன்னும் இறுகும் என்பதால் அதற்கு மேல் காய்ச்ச வேண்டாம்.

நாங்கள் முதன்முறை செய்தபோது இந்தப் பொறுமை எங்களுக்கு இல்லை. அலுமினியச் சட்டியை நேரே அடுப்பில் வைத்தோம். வாசலில் மீன்காரரின் ஹாரன் சத்தம் கேட்டது. போய் ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்கித் திரும்புவதற்குள், எலுமிச்சைத் தண்ணீரில் மிதக்கும் முட்டைப் பொரியல் தயாராகியிருந்தது. போதாததற்கு ஓர் உலோக வாடையும் வந்துவிட்டது. முட்டை 80 டிகிரி சூட்டுக்கு அருகிலேயே கெட்டியாகிவிடும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். புளிப்போ அலுமினியத்தை அரிக்கும். ஆகவே எனாமல், கண்ணாடி, எவர்சில்வர் இவற்றில் ஒன்றையே எடுங்கள்.

இரண்டாம் முறை பதம் சரியாக வந்தது. ஆனால் வேறொரு தவறு செய்தோம். சீனி போட்டது கெடாது என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்ல, அன்னாசி ஜாம் போத்தலுக்குப் பக்கத்தில் இதையும் அலமாரியில் வைத்துவிட்டோம். நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது மேலே நுரைக்குமிழ்கள், வாசனையும் மாறியிருந்தது. பிள்ளைகள் கையில் ரொட்டியோடு காத்திருந்தார்கள். ஒரு வாய்கூடக் கொடுக்காமல் மண்ணில் புதைத்தோம். அன்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் தடவிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு. இவ்வளவுக்கும், முட்டையில் வரும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் எல்லா வேளையும் நுரையாகவோ நாற்றமாகவோ தம்மைக் காட்டிக்கொள்வதில்லை.

ஜாமில் சீனி மிக அதிகம். அதைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சித் தண்ணீரை வற்ற வைக்கிறோம். அதனால் அது அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். இதுவோ கொதிக்காதது, முட்டையும் வெண்ணெயும் கலந்தது. நம் நாட்டு வெயிலில் வெளியே வைக்கவே கூடாது. போத்தலை 10 நிமிடம் வெந்நீரில் கொதிக்க வைத்து, துடைக்காமல் கவிழ்த்து உலர்த்தி, அதில் ஊற்றி மூடி, சூடு தணிந்ததும் ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். செய்து இரண்டு மணி நேரத்துக்குள் அது உள்ளே போய்விட வேண்டும். இரண்டு வாரத்தில் தின்று முடியுங்கள். எச்சில் கரண்டியை விடாதீர்கள். விரிசல் விட்ட முட்டையைச் சேர்க்காதீர்கள். ஐஸ்பெட்டி இல்லாத வீடா? ஒரே முட்டை, எட்டுப் பழம், கால் கப் சீனி, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் என்று செய்து, அன்றைக்கே காலி செய்துவிடுங்கள். கோவில் விழாவில் மேசை போட்டு விற்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஜாம் விற்கலாம், இதை வேண்டாம்.

கஸ்தூரி இல்லாவிட்டால் வேலியில் படரும் மார்க்கிசாப் பழத்தின் சாறு மிகப் பொருத்தம். வாசனை வீடெங்கும் நிற்கும். மாம்பழமும் கொய்யாவும் தனியே போட்டால் வெறும் இனிப்பாகிவிடும், இரண்டு கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். அன்னாசிச் சாற்றில் முட்டையின் புரதத்தைக் கரைக்கும் ஒரு பொருள் இருப்பதால், முதலில் சாற்றை மட்டும் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் தடவும் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இனத்தாரிடையே இன்னும் அதிகம்.

போத்தலின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, செய்த தேதியை எழுதுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் நாள் கணக்கையும் அவனே பார்த்துக்கொள்வான். எங்கள் வீட்டில் தேதி வருவதற்குள் போத்தல் காலியாகிவிடுகிறது.