கூட்டலும் பெருக்கலும்



தாயக்கட்டை ஒன்றை உருட்டுகிறோம். இரண்டு விழுந்தால் ஐந்து விழ இடமில்லை. இத்தகையவை தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள். இரண்டோ ஐந்தோ விழும் நிகழ்தகவை அறியக் கூட்டுகிறோம். விடை மூன்றில் ஒன்று.

இனி, இரு கட்டைகளை உருட்டுவோம். ஒன்றில் விழுவது மற்றதை எவ்வாற்றானும் பாதிப்பதில்லை. இவை சாரா நிகழ்ச்சிகள். இரண்டிலும் ஆறு விழும் நிகழ்தகவை அறியப் பெருக்குகிறோம். விடை முப்பத்தாறில் ஒன்று.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அது பிழை. இரண்டு விழுந்ததென அறிந்தவுடனே ஐந்து விழவில்லை என்பதும் உறுதியாகிறதன்றோ? ஆகவே, புறநீங்குபவை ஒன்றையொன்று சார்ந்தவையே.

சார்பை ஆராயாது பெருக்குவதன் விளைவு யாது? 1999ஆம் ஆண்டு இங்கிலாந்திலே, தம் இரு குழந்தைகளைக் கொன்றாரென சாலி கிளார்க் என்னும் தாய் தண்டிக்கப்பட்டார். அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் புலப்படாது இறத்தல் 8,543இல் ஒன்றெனக் கொண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, ஏறத்தாழ 7 கோடி 30 இலட்சத்தில் ஒன்று என்றார் மருத்துவ நிபுணர் ஒருவர். ஒரே வீடு, ஒரே குருதி. முதற் சாவின் காரணம் இரண்டாவதிலும் இருந்திருக்கலாகாதா? அப்பெருக்கலுக்கு ஆதாரமில்லையென 2001இல் அரச புள்ளிவிபரவியற் கழகம் அறிவித்தது. வெளிப்படுத்தப்படாதிருந்த மருத்துவச் சோதனை முடிவுகளே முதற் காரணமாக, 2003இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. அதற்குள் அத்தாய் மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையிற் கழித்துவிட்டார்.

பெருக்குமுன், ‘ஒன்று மற்றொன்றைச் சாருமோ?’ என்று வினவுவோமாக.