நண்டுக் கொடுக்கும் தண்ணீரும்

கிணற்றுத் தண்ணீரைப் புழங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இறைக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் தண்ணீர், பீப்பாயில் ஓர் இரவு கிடந்தால் மஞ்சளித்துப் போகும். காலையில் பார்த்தால் அடியில் செம்பழுப்பு வண்டல். அதில் துவைத்த பள்ளிக்கூடச் சட்டையில் துருக்கறை ஏறிவிடும். கறை போகட்டும் என்று குளோரின் கலந்த வெளுப்பு நீரை ஊற்றினாலோ, அது இன்னும் ஆழமாகப் பதியும். இத்தனைக்கும் காரணம் இரும்புதான். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு, மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது.

இறைத்த உடனே அந்தப் பீப்பாயில் ஈ.டி.டி.ஏ. என்ற வெள்ளைத் தூளைப் போதிய அளவு போட்டுக் கலக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வண்டல் இராது. ஆனால் இரும்பு போய்விட்டதா? இல்லை. ஓர் அணுவும் குறையவில்லை. படிய முடியாதபடி தண்ணீருக்குள்ளேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூடி வைத்துத் தெளிய விட்டிருந்தால் பெரும்பகுதி இரும்பு அடியில் தங்கியிருக்கும். மேல் நீரை மொண்டிருக்கலாம். தூளைப் போட்டபின் அதற்கும் வழியில்லை.

இப்படி உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் 'கீலேட்' என்ற சொல்லை ஒட்டிப் பெயர் வழங்குகிறது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1920-இல் மார்கன், ட்ரூ என்ற இரு வேதியியலார் உண்டாக்கிய சொல் அது. தமிழிலும் கொடுக்கிணைப்பு என்றே சொல்கிறார்கள். நண்டுக்கு இரண்டு கொடுக்கு, ஈ.டி.டி.ஏ.வுக்கோ ஆறு. ஓர் உலோக அணுவை ஆறு பக்கமும் வளைத்துப் பிடிப்பதால் அது எளிதில் நழுவுவதில்லை.

இந்த வேலை நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. களிம்பேறிய பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அப்போது புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பைக் கரைத்துப் பிடித்துக்கொண்டு போகிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அந்த இனந்தான். ஜெர்மனியில் துணிக்குச் சாயம் போடும் தொழிலில் கடின நீர் பெருந்தொல்லையாக இருந்தது. நீரிலுள்ள கால்சியம் சாயத்தைக் கெடுக்கும். அதைக் கட்டிப்போடச் சிட்ரிக் அமிலத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அதற்கு மாற்றுத் தேடிய பெர்டினாண்ட் மூன்ட்ஸ் என்பவர் 1935-இல் செயற்கையாகச் செய்ததுதான் ஈ.டி.டி.ஏ. கால்சியம் கரைந்த நீர் என்ன செய்யும் என்பதை அறிய நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டாம். பத்துமலைக் குகையின் கூரையிலிருந்து தொங்கும் கற்கூம்புகளைப் பார்த்தாலே போதும். சொட்டுச் சொட்டாக வடிந்த நீர் விட்டுச் சென்ற சுண்ணாம்பு அது.

ரப்பர் தோட்டத்துக்கும் இந்தத் தூளுக்கும் உறவு உண்டு. மரத்துப் பாலில் இயற்கையாகவே மக்னீசியம் இருக்கிறது. அது மிகுந்தால் பால் நிலைத்து நிற்காது. எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளக்க, சாயம் கலந்த கரைசலில் ஈ.டி.டி.ஏ.வைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எல்லா மக்னீசியமும் கவ்வப்பட்ட அந்த ஒரு சொட்டில் திராட்சைச் சிவப்பு நீலமாக மாறும். நீரின் கடினத்தை அளப்பதும் இதே முறையில்தான்.

ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கொடுக்கு எல்லா உலோகத்தையும் ஒரே பிடியாகப் பிடிப்பதில்லை. மக்னீசியத்தைவிடக் கால்சியத்தையும், கால்சியத்தைவிட ஈயத்தையும் செம்பையும், அவற்றைவிடத் துருவிலுள்ள இரும்பையும் இறுகப் பிடிக்கும். நல்ல பிடி கிடைத்தால் கையில் இருப்பதை விட்டுவிட்டு அதைப் பற்றிக்கொள்ளும். மருந்தாக நன்மை செய்வதும், தவறினால் உயிரை வாங்குவதும் இந்தக் குணத்தால்தான்.

மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும்போது ஊதா நிற மூடி போட்ட குழாயைப் பார்த்திருப்போம். அதனுள் ஈ.டி.டி.ஏ. தடவப்பட்டிருக்கிறது. இரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். கொடுக்கு அதைக் கவ்விக்கொள்வதால் இரத்தம் உறையாமல் இருக்கிறது. அணுக்களை எண்ணிப் பார்க்க முடிகிறது. இந்தக் குழாயின் இரத்தம் மற்றொன்றில் சிறிது கலந்தாலும் கால்சியக் கணக்குத் தப்பிப் போகும். நர்ஸ் குழாய்களை ஒரு வரிசைப்படி நிரப்புவது அதனால்தான்.

குழாயில் நடந்தது உடம்புக்குள்ளேயே நடந்தால்? கால்சியம் இல்லாமல் இதயம் ஒழுங்காகத் துடிக்க முடியாது. இந்த மருந்து இரண்டு வடிவத்தில் வருகிறது. ஒன்று கால்சியத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வருவது. ஈய நஞ்சு ஏறியவருக்கு அதை ஊசி வழியாகக் கொடுத்தால், கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு வெளியேறும். 1950-களின் தொடக்கத்திலிருந்து மருத்துவர்கள் கையாண்டுவரும் முறை இது. மற்றொன்று வெறுங்கையோடு வருவது. இரத்தத்திலுள்ள கால்சியத்தையே பிடுங்கிக்கொள்ளும். இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றே. 'கால்சியம்' என்ற ஒரு சொல்தான் வேறுபாடு. அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை மூன்று பேர், அவர்களில் இருவர் குழந்தைகள், இத்தகைய சிகிச்சையின்போது கால்சியம் சரிந்து இறந்தார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-இல் இதை வெளியிட்டது. ஒரு குழந்தைக்கு மருந்தே மாறிப் போயிருந்தது.

'உடம்பிலுள்ள நஞ்சையெல்லாம் இழுத்துப் போடும்' என்று சொல்லி இதை விற்பவர்கள் உண்டு. இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதை ஆய்வில் கண்டு, மருத்துவமனையில் மருத்துவர் முன்னிலையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. பக்கத்து வீட்டார் பேச்சை நம்பி வாங்கிப் போட்டுக்கொள்ளும் சரக்கு அன்று.

இனி, பயன்படுத்திய தூள் எங்கே போகிறது என்று பார்ப்போம். குளியல் சோப்பு, ஷாம்பு உறைகளில் இதன் பெயரை நாம் காணலாம். சோப்பில் நுண்ணளவாகக் கலந்திருக்கும் இரும்பும் செம்பும் அதைக் கெடுத்து மஞ்சளாக்காமல் இருக்கச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கழிவுநீரில் இறங்கியபின் இதை நுண்ணுயிர்கள் எளிதில் தின்று தீர்ப்பதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்தும் ஆற்றுக்குப் போகிறது. இரும்பைப் பிடித்திருக்கும் வடிவத்தைச் சூரிய ஒளி உடைக்கும். மற்றவை நெடுநாள் கிடக்கும்.

அப்படிக் கிடந்தால் என்ன என்பதை ஓக் ரிட்ஜ் காட்டியது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள அந்த அணு ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கக் கழிவுகளை மண்ணில் பள்ளம் வெட்டிவிட்டிருந்தார்கள். கோபால்ட் போன்றவை மண்ணில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கும் என்பது எதிர்பார்ப்பு. தங்கவில்லை. நிலத்தடி நீரோடு நகர்ந்தன. கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்யப் பயன்பட்ட ஈ.டி.டி.ஏ. கழிவோடு கலந்து, கோபால்ட்டைக் கவ்வி நீரிலேயே வைத்திருந்ததை ஆய்வாளர்கள் 1978-இல் எழுதினார்கள். நம் பீப்பாயில் துரு படியாமல் போனதும் இதே கதைதான்.

நம் வீட்டுச் சோப்பு நீரில் இது மிகக் குறைவு. அதனால் அந்த அளவுக்கு ஆபத்து வராது. ஆலைகளும் சாயப்பட்டறைகளும் கொட்டும் அளவுதான் கணக்குக்கு உரியது. நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய வேறு கொடுக்குகளும் இப்போது வந்துவிட்டன. ஐரோப்பாவில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூள்கள் பலவற்றில் அவைதாம் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூடுதல்.

துருக்கறை பட்ட சட்டைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயப்போட்டு அலசிப் பாருங்கள். அதுவும் கொடுக்குதான், ஆனால் ஆற்றுக்குப் போனபின் கரைந்து மறைந்துவிடும் கொடுக்கு.