பூச்சு வேலைக்கு நல்ல கைக்கருவி
(வானொலி பண்ணை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

அறுவடைக்கு முன்னால் நெல் அறையைப் பார்த்துப் பூசி வைப்பது நல்லது. பெரிய வேலைக்குக் கொத்தனார் வேண்டும். சின்னச் சின்ன ஒட்டு வேலையை நாமே செய்துகொள்ளலாம். அதற்கான கருவிகளைப் பற்றி இன்று பார்ப்போம்.

நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் எங்கள் வீட்டு விதை அறையை நானே பூசினேன். முதல் நாள் அலுப்பில் கருவிகளைக் கழுவாமல் போட்டுவிட்டேன். மறுநாள், தேய்ப்புக் கட்டையில் காய்ந்திருந்த சிமெண்ட் சுவர் நெடுகக் கோடு கிழித்தது. 'உள் அறைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று விட்டேன். வண்டு பார்த்துவிட்டது! கீறலும் வெடிப்பும்தானே அதற்கு ஒளிய இடம்? அந்த வருஷம் விதை நெல்லை வெளியில்தான் வாங்கினேன். ஊருக்கெல்லாம் விதை சேமிப்பு சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொத்துக்கரண்டி, தேய்ப்புக் கட்டை, மட்டக்கோல், தூக்குக்குண்டு, சாந்துச் சட்டி. இந்த ஐந்தும் போதும்.

கரண்டியில் தகடும் தண்டும் ஒரே இரும்பில் அடித்ததா என்று பாருங்கள். சரியாகப் பற்றவைக்காத கரண்டி அந்த இடத்தில்தான் முதலில் விட்டுப்போகும். மரப்பிடிக்குப் பூண் இருக்க வேண்டும். கையில் பிடித்துப் பார்த்து, மணிக்கட்டுக்குக் கனக்காததை வாங்குங்கள்.

மட்டக்கோலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பாருங்கள். கோணல் தெரிந்துவிடும். கோல் கோணினால் சுவரும் கோணும்.

மரத் தேய்ப்புக் கட்டையை வேலைக்கு முன் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கட்டை சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

சாந்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு சலித்த மணல். அரை மணி நேரத்தில் பூசி முடிக்கிற அளவே கலக்குங்கள். சுவரை முதலில் நனைத்து, அரை அங்குலக் கனம் பூசினால் போதும். பிறகு 7 நாளாவது தண்ணீர் தெளியுங்கள். அறை நன்றாக உலர்ந்த பிறகே நெல்லை ஏற்ற வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், கை நிறுத்தும்போதெல்லாம் கருவியைக் கழுவுங்கள். வேலை முடிந்ததும் இரும்பைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள். மறுமுறை எடுக்கும்போது அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். மரக்கட்டையை நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த சாந்தைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள், தகடு நெளிந்துபோகும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் கையும் ஒரு கருவிதான். சிமெண்ட் தோலை அரிக்கும், ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் கசக்காமல் நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள்.

அறுவடைக்கு அரிவாளைத் தீட்டி வைக்கிற நமக்கு, கரண்டியைக் கழுவி வைப்பது ஒரு பெரிய காரியமா? அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அடுத்த போகத்து விதை இருக்கிறது.