மெரோபெனம் கேட்காத கிருமிகள்: இதய வால்வுத் தொற்று குறித்த தலைமை உரை

இதயநோய் மருத்துவர்களும் நுண்ணுயிரியலாளர்களும் இதய அறுவை மருத்துவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பதே இந்தக் கருத்தரங்கின் பாதி வெற்றி. மருத்துவமனையில் நாம் பெரும்பாலும் கேஸ் ஷீட் வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

வில்லியம் ஆஸ்லர் 1885இல் லண்டனில் இதய வால்வுத் தொற்றைப் பற்றி விரிவுரையாற்றியபோது இதற்கு மருந்தே கிடையாது. பெனிசிலின் வந்தபின் பலர் பிழைத்தார்கள். இன்று அலமாரி நிறைய மருந்து இருக்கிறது. எதை எடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறோம்.

எலிசபெத்கிங்கியாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எலிசபெத் கிங் 1959இல் விவரித்த கிருமி இது. அவர் பெயரையே பிற்காலத்தில் இதற்குச் சூட்டினார்கள். மருத்துவமனைக் குழாயிலும் கைகழுவும் தொட்டியிலும் குடியிருக்கும். வால்வில் வந்து உட்காருவது அபூர்வம். லேபிலிருந்து ‘கிராம் நெகட்டிவ்’ என்று போன் வந்ததும் நம் கை தானாக மெரோபெனம் எழுதுகிறது. காய்ச்சல் இறங்காவிட்டால் கோலிஸ்டினும் சேர்கிறது. இந்தக் கிருமியிடம் இரண்டும் பலிக்காது. கார்பபெனத்தை உடைக்கும் நொதிகள் இதன் குரோமோசோமிலேயே இருக்கின்றன. கோலிஸ்டினுக்கும் இயல்பாகவே மசியாது. மினோசைக்ளின், லீவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் என்று நாம் ஓரங்கட்டிய பழைய மருந்துகள்தாம் பெரும்பாலும் கைகொடுக்கின்றன. ஸ்டெனோட்ரோபோமோனாஸுக்கும் மெரோபெனம் ஒரு பொருட்டே அல்ல. விலை உயர்ந்த மருந்துதான் வலுவான மருந்து என்ற நம் வார்டு நம்பிக்கையை இந்த இரண்டு கிருமிகளும் கேலி செய்கின்றன.

ஆகவே கிருமியின் பெயர் தெரிந்தாக வேண்டும். அதற்கு முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏறுமுன் பிளட் கல்ச்சர் எடுத்திருக்க வேண்டும். தனித்தனியாகக் குத்தி மூன்று செட். பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 10 மில்லி வரை. இரண்டு மில்லியை ஊற்றி அனுப்பிவிட்டு ‘நோ குரோத்’ என்று வந்தால் லேபைத் திட்டுவது நியாயமில்லை. கோரினிபாக்டீரியம் ஸ்ட்ரையேட்டம் ஒரே பாட்டிலில் வளர்ந்தால் தோலிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். செயற்கை வால்வு வைத்தவரின் மூன்று செட்டிலும் அதுவே வளர்ந்தால் ஒதுக்க முடியுமா? இந்நோயை உறுதிசெய்ய நாம் பயன்படுத்தும், 2023இல் திருத்திய டியூக் அளவுகோல்கள் அரிய கிருமிகளுக்கு மூன்று செட்டாவது கேட்பது இதனால்தான். ஒரே செட் அனுப்பியவர் அந்த வாதத்தைத் தொடங்கவே முடியாது. பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். தரவுப்பட்டியல் புதுப்பிக்காத தானியங்கிக் கருவிகள் எலிசபெத்கிங்கியா அனோஃபிலிஸை மெனிங்கோசெப்டிகா என்று சொன்னதுண்டு.

சரியான மருந்து கிடைத்தாலும், வால்வில் ஒட்டி வளரும் கிருமித் திரளான வெஜிடேஷனுக்குள் அது போய்ச் சேருவது எளிதன்று. அங்கே ரத்தக்குழாய் கிடையாது. ஃபைப்ரின் அடுக்குகளுக்குள் கிருமிகள் நெருக்கியடித்துக்கொண்டு, பெருகாமல் மந்தமாகக் கிடக்கும். பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்துகள் அங்கே தளர்ந்துபோகின்றன. நான்கு, ஆறு வாரம் என்று ஊசி நீளுவது அதனால்தான். பல மருந்துகளுக்கும் மசியாத கிருமி என்றால் அறுவைக்கு நாள் கடத்தக்கூடாது என்பதே என் கருத்து; இன்றைய வழிகாட்டுதல்களும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

அறுவை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வெட்டி எடுத்த வால்வு முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடாதீர்கள். அதில் விழுந்த திசுவில் கிருமி வளராது. ஒரு துண்டை ஸ்டெரைல் குப்பியில் கல்ச்சருக்கும் பிசிஆருக்கும் அனுப்புங்கள். அந்தக் கல்ச்சரில் கிருமி வளர்ந்தால், ஆன்டிபயாடிக் நாட்களை அறுவை நாளிலிருந்து புதிதாக எண்ண வேண்டும். இந்த ஒரு துண்டை நம்பித்தான் அந்தக் கணக்கே இருக்கிறது.

மதிய அமர்வு மாத்திரைச் சிகிச்சை பற்றியது. டென்மார்க்கில் 400 நோயாளிகளிடம் நடந்த போயட் ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டப்போகிறீர்கள் என்று தெரியும். அந்த ஆய்வு எடுத்துக்கொண்டவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், எண்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள் மட்டுமே. இங்கே நாம் பேச வந்த கிருமிகளுக்கு அதை நீட்டலாமா என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.