மறதியும் மனப்புண்ணும்



பொய் சொல்லும் பிள்ளையை முகம் பார்த்தே அறிந்துவிடுவேன் என்று நெடுங்காலம் செருக்குற்றிருந்தேன். 30 ஆண்டு ஆசிரியப் பணி தந்த செருக்கு அது. அதனை உடைத்தவர் என் பழைய நண்பர் ஒருவர்.

அவர் என்னுடன் பணியாற்றிய கணக்காசிரியர். குடிப்பழக்கம் அவரை வேலையினின்றும் வீட்டினின்றும் பிரித்து, இறுதியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொண்டு சேர்த்தது. நான் காணச் சென்றபோது, "இன்று காலைதான் ஐயா, ஆண்டுத் தேர்வு வினாத்தாளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்" என்றார். அவர் வகுப்பறையை விட்டுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. "இன்னுமா பொய்?" என்று கடிந்தேன். அவர் சினந்து உணவுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

அது பொய்யன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். மாஸ்கோ மருத்துவர் செர்கேய் கோர்சகாவ் 1887ஆம் ஆண்டு முதல் விரித்தெழுதிய நோய் அது. மிகுந்த குடி உணவைக் குறைக்கிறது. உண்ட உணவிலுள்ள தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்தைக் குடல் ஏற்பதையும் தடுக்கிறது. அச்சத்தின்றி மூளையின் நினைவுப் பகுதிகள் சிதைகின்றன. புதிய செய்தி மனத்தில் தங்குவதில்லை. அவ்வெற்றிடத்தைப் பழைய நினைவின் துணுக்குகள் வந்து நிரப்புகின்றன. சொல்பவர் அதனை மெய்யென்றே நம்புகிறார். ஏமாற்றும் எண்ணம் இல்லாதபோது அதனைப் பொய் என்பது எவ்வாறு?

எரிச்சல், திடீர்ச் சினம், நாவடக்கமின்மை, மணிக்கணக்கில் வாளாவிருத்தல் ஆகியனவும் இந்நோயாளரிடம் காணப்படும். தமக்கு நோய் உண்டென்பதையே பலர் உணர்வதில்லை. நோயற்றவனாகத் தன்னைக் கருதும் ஒருவனை இல்லத்தில் இருத்தினால் அவன் சினவாதிருப்பானா?

மறுமுறை சென்றபோது நண்பர் என்னை அறிந்துகொண்டார். முந்தைய வருகையோ நினைவில் இல்லை. ஆயினும் நான் நீட்டிய கையைப் பற்றாமல் விலகி அமர்ந்தார். காரணம் கேட்டேன், அவருக்கே தெரியவில்லை.

இதனை விளக்குவது ஜெனீவா உளவியலறிஞர் எட்வார் கிளாபரேத் 1911இல் வெளியிட்ட ஒரு சோதனை. விரலிடையே குண்டூசியை மறைத்து, இந்நோயுற்ற பெண்ணொருத்தியின் கையைக் குத்தினார். அவள் அதனை விரைவில் மறந்தாள். ஆனால் அவர் மீண்டும் கை நீட்டியபோது தன் கையை இழுத்துக்கொண்டாள். நிகழ்ச்சி மறைந்தது, அதன் வடு மறையவில்லை. என் கடுஞ்சொல்லும் ஒரு குண்டூசியே அன்றோ!

நெதர்லாந்து நாட்டில் இந்நோயாளருக்கெனத் தனி இல்லங்கள் உள்ளன. நாள்தோறும் மாறாத கால ஒழுங்கும், அமைதியான சொல்லும், வாதிடாத பொறுமையும் இவர்களுக்கு வேண்டுவன. ஒரு செயலைக் கற்பிக்கும்போதும், தவறு நேரா வண்ணம் படிப்படியாக வழிகாட்டுவர். தவறிக் கற்பது நம் வகுப்பறை வழக்கம். இவர்களோ திருத்தியதை மறப்பர். தவறு மட்டும் பழக்கமாய் நின்றுவிடும்.

நானும் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம், "வினாத்தாளில் கணக்குகள் கடினமா?" என்று கேட்கிறேன். நண்பர் மகிழ்ந்து பேசுகிறார். பல மாதங்களுக்குப் பின், ஒருநாள் தாமே நகர்ந்து பலகையில் எனக்கு இடம் தந்தார்.

குடிப்பவரிடம் குழப்பமும் தள்ளாட்டமும் பார்வைக் கோளாறும் கண்டால், போதையென்று விட்டுவிடாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உரிய காலத்தில் செலுத்தும் தயாமின் ஊசி ஒருவரின் நினைவையே காக்கக்கூடும். காலம் கடந்தவரிடமோ, கடிந்து பேசாதீர்கள். நம் சொற்களை அவர் மறப்பார். அவை தந்த நோவை மறவார்.