செப்புக் குடமும் வெள்ளித் துகளும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். இந்தத் தங்காக் வட்டாரத்தில்தான், ஒரு மழைக்காலம். லயத்துக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தது. அம்மா அதைச் செப்புக் குடத்தில் ஊற்றி, "உங்க பாட்டி சொல்லுவாங்க, செம்புல ஊத்தினா காய்ச்ச வேணாம்" என்றார். இரண்டு மணி நேரத்திற்குள் குடித்துவிட்டோம். மறுநாள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் பாயை விட்டு எழவில்லை.

அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா? பொய்யில்லை, பாதி உண்மை!

2012-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகளைக் கலந்த நீரைச் செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு தேடியபோது உயிருள்ள கிருமி எதுவும் அகப்படவில்லை. நாங்கள் காத்திருந்ததோ இரண்டே மணி நேரம். அதுவும் கலங்கல் நீர்!

செம்பும் வெள்ளியும் நீரில் மிகமிகச் சிறிதளவு கரையும். கரைந்த அணுக்கள் மின்னேற்றம் உடையவை; அயனி என்பார்கள். அவை கிருமியின் மேலுறையைச் சிதைத்து, உள்ளே புகுந்து அதன் இயக்கத்தை முடக்கிவிடும்.

கற்கண்டைவிடச் சீனி சீக்கிரம் கரைகிறதல்லவா? பொடியானால் நீர் படும் பரப்பு கூடுகிறது. அதனால்தான் விஞ்ஞானிகள் உலோகத்தை நானோ துகளாக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர்! சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், இறால், நண்டு ஓடுகளில் கிடைக்கும் கைட்டோசானைச் சேர்த்துச் செய்த பொருளில் வெள்ளி நானோ துகளைப் பதித்தார்கள். அதைக்கொண்டு மின்சாரமின்றி நீரைத் தூய்மையாக்கும் முறையை 2013-இல் வெளியிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை அமெரிக்க டாலர்தான் செலவு என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் பெற்றோர்களே, அளவு மீறினால் உலோகமும் நஞ்சு. மருந்தென்று நம்பி வெள்ளி நீரைத் தொடர்ந்து குடித்து, மேனி நீலம் பாய்ந்தவர்களும் உண்டு. செப்புப் பாத்திரத்தில் புளி, எலுமிச்சைச் சாறு ஊற்றாதீர்கள். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, அதன்பின் எந்தக் குடத்தில் வேண்டுமானாலும் ஊற்றுங்கள். பிள்ளைகள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும்.

மாணவர்களே, பெரியவர்கள் சொல்வதைத் தள்ளாதீர்கள். அப்படியே விழுங்கவும் வேண்டாம். "எவ்வளவு நேரம்? ஏன்?" என்று கேளுங்கள். அன்று எங்கள் வீட்டில் அப்படிக் கேட்க ஒருவர் இருந்திருந்தால், தம்பி அந்த மூன்று நாள் துடித்திருக்க மாட்டான்.